கல்லாங்காட்டில் பிறந்த பெயர்: ஸ்டான்லி என்னும் ஆங்கிலக் குடும்பப் பெயரின் வரலாறு

மேச்சேரி வட்டாரத்தில் வாழ்வோருக்கு ஸ்டான்லி என்பது முற்றிலும் அயலான பெயரன்று. ஊருக்கு மேற்கே சில மைல் தொலைவில் காவிரியை மறித்து நிற்கும் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பிற்கு அரசு ஏடுகளில் வழங்கும் பெயர் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்பதாகும். சென்னை இராயபுரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றன. தமிழகத் திருச்சபைகளின் திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டுவோர் அப்பெயரைத் தனித்தும், தமிழ்ப் பெயரொன்றோடு இணைந்தும், 'ஸ்டான்லி ஜோன்ஸ்' என்று இரட்டையாகவும் காண்பர். இங்கிலாந்தில் பிரபுக் குடும்பம் ஒன்றின் அடையாளமாக விளங்கிய பெயர், சேலத்துச் சமவெளியில் ஓர் ஏழை உழவரின் பிள்ளைக்குத் திருமுழுக்குப் பெயராகி நிற்கிறது.

இது எவ்வாறு நேர்ந்தது? இதை அறிவதனால் ஆயர் பணிக்கு யாது பயன்? இவ்விரு வினாக்களையும் முன்வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. பெயர்களைப் பதிவேட்டில் எழுதுகிறவர்கள் நாம். எழுதும் பெயரின் வரலாற்றை ஓரளவேனும் அறிந்து எழுதுதல் நம் கடமையாகும்.

1. குடும்பப் பெயர் தோன்றிய வகை

பழைய ஆங்கிலேயரிடையே வழிவழியாக வரும் குடும்பப் பெயர் என்பது இல்லை. நம்மைப் போலவே அவர்களும் ஒருவருக்கு ஒரு பெயர் என்னும் முறையிலேயே வாழ்ந்தனர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், நிலவுடைமையாளர் தங்கள் நிலத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளத் தொடங்கினர். நிலம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றபோது பெயரும் உடன் சென்றது. பின்னர் இவ்வழக்கம் பொதுமக்களிடையேயும் பரவி, 14ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பெரும்பாலான ஆங்கிலேயர் ஏதேனுமொரு குடும்பப் பெயரைப் பெற்றிருந்தனர். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் விதிக்கப்பட்ட தலைவரி, மக்களைப் பெயர்வாரியாக எழுதிவைக்கும் தேவையை மிகுவித்தது. 1538இல் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணையின்படி, திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு பங்கிலும் குருவானவர் ஏட்டில் எழுதிவைக்க வேண்டியதாயிற்று. ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் நிலைபெற்றதில் நிலமும் வரியும் மட்டுமன்றி ஆயரின் எழுதுகோலும் பங்கு கொண்டது என்பதை நாம் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

இப்பெயர்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிப்பர்: ஊர் அல்லது நிலத்தால் வந்தவை, தந்தையின் பெயரால் வந்தவை, தொழிலால் வந்தவை, தோற்றம் அல்லது குணம் பற்றிய பட்டப் பெயரால் வந்தவை. இவற்றுள் முதல் மூன்றையும் விளக்க நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. மேட்டூர் அணையின் வரலாற்றிலேயே அவை காணக்கிடக்கின்றன. அணைத் திட்டத்தை வகுத்தவர்களுள் முதன்மையானவர் பொறியாளர் எல்லிஸ். எல்லிஸ் என்பது எலியா என்னும் திருமறைப் பெயர் இடைக்கால இங்கிலாந்தில் மருவிய வடிவமாகும். எலியாவின் மகன் என்ற பொருளில் அது குடும்பப் பெயராயிற்று. கட்டுமானப் பணியை மேற்பார்வையிட்டு, அதன் வரலாற்றையும் 1940இல் நூலாக வெளியிட்ட பொறியாளர் பார்பர். பார்பர் என்பது நாவிதர் என்னும் தொழிற்பெயர். நீர்த்தேக்கத்திற்குப் பெயர் தந்தவர் ஆளுநர் ஸ்டான்லி. அது நிலத்தால் வந்த பெயர்.

பார்பர் என்னும் பெயரிடத்துச் சற்றே நின்று சிந்தித்தல் நலம். இடைக்கால இங்கிலாந்தில் நாவிதர்கள் அறுவை மருத்துவமும் செய்தனர். 1540இல் நாவிதரும் அறுவை மருத்துவரும் இலண்டனில் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர். தமிழகத்திலும் நாவிதத் தொழில் புரிந்தோர் மருத்துவமும், அவர்தம் மகளிர் பேறுகாலப் பணியும் செய்து 'மருத்துவர்' என்று அழைக்கப்பட்டனர். தொடக்கம் ஒன்றுபோலவே உள்ளது, முடிவு வேறு. ஆங்கிலேயரிடையே தொழில் மாறியபோது பெயர் வெறும் ஒலியாக எஞ்சியது. பார்பர் என்னும் பெயருடைய ஒருவர் தலைமைப் பொறுப்பில் பொறியாளராக அமர்ந்தபோது, அவர் முன்னோர் செய்த தொழிலை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நம் நாட்டிலோ தொழிற்பெயர் சாதிப் பெயராகி, தொழிலை விட்ட பின்னரும் மனிதரை விடாது தொடர்ந்தது. நம் மக்கள் அயல்மொழிப் பெயர்களை நாடியதன் காரணங்களுள் ஒன்று இங்கே தென்படுகிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

2. கல்லும் வெளியும்

ஸ்டான்லி என்னும் சொல் பழைய ஆங்கிலத்தின் இரு சொற்களால் ஆனது. 'ஸ்டான்' என்பது கல். 'லேயா' என்பது காட்டைத் திருத்தி உண்டாக்கிய வெளி. இரண்டும் சேர்ந்து 'கல் நிறைந்த வெளி' என்று பொருள்படும். மேச்சேரிப் பக்கத்து உழவரிடம் இதனைச் சொன்னால் அவர் ஒரே சொல்லில் 'கல்லாங்காடு' என்பார். அதனினும் பொருத்தமான மொழிபெயர்ப்பு இல்லை. 'லி' என்னும் ஈற்றைக் கொண்டு முடியும் ஆங்கிலப் பெயர்கள் பலவற்றிலும் இந்த 'லேயா' என்னும் சொல்லே மறைந்து நிற்கிறது. நாம் நன்கறிந்த வெஸ்லி என்னும் பெயர் 'மேற்கு வெளி' என்பதேயாம்.

கல் நிறைந்த வெளிகள் இங்கிலாந்தில் பல இருந்தமையால் ஸ்டான்லி என்னும் ஊர்களும் பலவாயின. ஸ்டாஃபர்ட்ஷயர், டார்பிஷயர், டர்ஹாம், யார்க்ஷயர், குளோஸ்டர்ஷயர் ஆகிய மாவட்டங்களில் அப்பெயருடைய ஊர்கள் உள்ளன. ஆதலின் ஸ்டான்லி என்னும் பெயருடையோர் அனைவரும் ஒரே மரபினர் என்று கொள்ளுதல் தவறு. ஓர் ஊரிலிருந்து வெளியேறி மற்றோர் ஊருக்குக் குடிபெயர்ந்த எளிய உழவரையும் புதிய ஊரார் பழைய ஊரின் பெயராலேயே அழைத்திருப்பர். பிரபுவுக்கு அப்பெயர் உடைமையின் அடையாளம். குடிபெயர்ந்தவருக்கோ அது விட்டுவந்த ஊரின் நினைவு.

3. ஒரு குடும்பத்தின் ஏற்றம்

வரலாற்றில் பெயர்பெற்ற ஸ்டான்லி குடும்பம் ஸ்டாஃபர்ட்ஷயரில் லீக் என்னும் ஊருக்கு அருகிலுள்ள ஸ்டான்லியிலிருந்து தோன்றியது. ஆட்லி என்னும் நிலவுடைமைக் குடும்பத்தின் கிளையினர் அவ்வூரைப் பெற்று அதன் பெயரை ஏற்றனர். பின்னர் திருமண உறவுகளாலும் அரச சேவையாலும் அவர்கள் உயர்ந்தனர். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் ஸ்டான்லி என்பவர் அரசர் நான்காம் ஹென்றியிடமிருந்து மான் தீவின் ஆட்சியுரிமையைப் பெற்றார். 1485இல் போஸ்வர்த் போர்க்களத்தில் தாமஸ் ஸ்டான்லி தம் படையோடு ஒதுங்கி நிற்க, அவர் தம்பி வில்லியம் ஸ்டான்லியின் படை இறுதி வேளையில் ஹென்றி டியூடருக்குத் துணையாகப் பாய்ந்தது. மூன்றாம் ரிச்சர்டு மாண்டார், ஹென்றி அரசரானார். புதிய அரசரின் தாயை மணந்திருந்த தாமஸ், அவ்வாண்டே டார்பிப் பிரபுவாக உயர்த்தப்பட்டார். வெற்றிக்குக் காரணமாயிருந்த வில்லியமோ பத்தாண்டுகளுக்குப் பின், 1495இல், அரசத் துரோகக் குற்றத்திற்காகத் தலையிழந்தார். ஒரே பெயர், ஒருவருக்குப் பட்டம், மற்றவருக்குக் கொலைத் தண்டனை. 1651இல் ஏழாம் டார்பிப் பிரபுவும் அரசர் கட்சியில் நின்றதற்காகப் போல்ட்டன் நகரில் தலை துணிக்கப்பட்டார்.

19ஆம் நூற்றாண்டில் இக்குடும்பத்தின் வரலாறு நம் நாட்டு வரலாற்றோடு பின்னிக்கொள்கிறது. பின்னாளில் பதினான்காம் டார்பிப் பிரபுவாகி மும்முறை இங்கிலாந்தின் தலைமையமைச்சராக இருந்த எட்வர்டு ஸ்டான்லி, 1833இல் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக இருந்து அடிமை ஒழிப்புச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகள் விடுதலை பெற அச்சட்டம் வழிவகுத்தது. இது போற்றத்தக்கதே. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் நாம் மறத்தலாகாது. ஈட்டுத் தொகையாக ஒதுக்கப்பட்ட 2 கோடி பவுன் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர்களுக்கே அளிக்கப்பட்டது; அடிமைகளாக உழைத்தவர்களுக்கு ஒன்றும் அளிக்கப்படவில்லை. கிழக்கிந்தியக் கும்பெனியின் ஆட்சிப் பகுதிகள் அச்சட்டத்திற்கு விலக்காக வைக்கப்பட்டன. தமிழகத்து வயல்களில் பரம்பரை அடிமைகளாக உழைத்தோருக்கு 1833ஆம் ஆண்டுச் சட்டம் எட்டவில்லை. 1843ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1858இல் கும்பெனி ஆட்சி முடிந்து பிரிட்டிஷ் முடியரசின் நேரடி ஆட்சி ஏற்பட்டபோது தலைமையமைச்சராக இருந்தவரும் அதே டார்பிப் பிரபுவே. இந்தியாவிற்கான முதல் அமைச்சராகப் பொறுப்பேற்றவர் அவருடைய மூத்த மகன் எட்வர்டு ஹென்றி ஸ்டான்லி. மக்களின் சமய நம்பிக்கைகளில் அரசு தலையிடாது என்று உறுதியளித்த விக்டோரியா அரசியாரின் பேரறிக்கை அவர்கள் காலத்தில் வெளியானதேயாகும். தலைமையமைச்சரின் இளைய மகன் ஃபிரடெரிக் ஸ்டான்லி கனடாவின் ஆளுநர்த் தலைவராக இருந்தார். அவர் வழங்கிய ஸ்டான்லி கோப்பை இன்றும் பனிவளைகோல் பந்தாட்டத்தின் உயரிய பரிசாக விளங்குகிறது. இந்த ஃபிரடெரிக்கின் மகன்களுள் ஒருவரே 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லி. ஸ்டாஃபர்ட்ஷயரின் கல்லாங்காடு இவ்வழியாகக் காவிரிக்கரையை வந்தடைந்தது.

4. பெயரைத் தானே தரித்துக்கொண்டவர்

ஸ்டான்லி என்னும் பெயரை உலகெங்கும் பரப்பியவர் பிரபுக் குடும்பத்தினர் அல்லர். 1841இல் வேல்ஸ் நாட்டு டென்பி நகரில், மணமாகாத தாயொருத்திக்குப் பிறந்த ஜான் ரோலண்ட்ஸ் என்னும் குழந்தையே பிற்காலத்தில் அப்பெயருக்கு உலகப் புகழ் தந்தது. குழந்தையின் திருமுழுக்குப் பதிவேட்டில் அதன் பிறப்பைப் பற்றிய இழிசொல் எழுதப்பட்டது. குருவானவரின் ஏடு ஒரு குழந்தைக்குப் பெயரோடு அவமானத்தையும் சேர்த்து எழுதிவைத்த இந்நிகழ்ச்சி நம் சிந்தனைக்குரியது. செயின்ட் ஆசப் ஏழையர் விடுதியில் வளர்ந்த அச்சிறுவன், கப்பலேறி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை அடைந்தான். அங்கு வணிகராயிருந்த ஹென்றி ஹோப் ஸ்டான்லி என்பவரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டான். அவ்வணிகர் தன்னை மகனாக ஏற்றுக்கொண்டார் என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். வரலாற்றாசிரியர்கள் இக்கூற்றை ஐயுறுகின்றனர். தத்து எடுத்தது தந்தையாயினும் மகனாயினும், அவர் ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி ஆனார்.

1871இல் ஆப்பிரிக்காவின் உஜிஜி என்னுமிடத்தில் டேவிட் லிவிங்ஸ்டனைக் கண்டறிந்தவர் இவரே. லிவிங்ஸ்டனை முதலில் ஆப்பிரிக்காவிற்கு அனுப்பியது இலண்டன் மிஷனெரி சங்கம். 1827இல் ஹென்றி கிரிஸ்ப் வாயிலாகச் சேலத்தில் நற்செய்திப் பணியைத் தொடங்கியதும் அச்சங்கமே. எனவே லிவிங்ஸ்டனின் கதை சேலம் வட்டாரத்துச் சபைகளுக்கு அயலாருடைய கதையன்று.

1874 ஏப்ரலில் லிவிங்ஸ்டனின் உடல் இலண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டபோது அங்கு இரு ஸ்டான்லிகள் இருந்தனர். ஒருவர் பேராலயத்தின் தலைமைக் குருவும், சீனாய், பாலஸ்தீனம் பற்றிய நூலால் திருமறை மாணாக்கருக்கு அறிமுகமானவருமான ஆர்தர் பென்ரின் ஸ்டான்லி. இவர் பழைய ஸ்டான்லி மரபின் ஆல்டர்லிக் கிளையைச் சேர்ந்தவர்; பேராயர் ஒருவரின் மகன். மற்றவர் பேழையின் துணியைப் பற்றி நடந்தோருள் ஒருவரான ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி. ஒருவர் அப்பெயருக்குள் பிறந்தவர்; மற்றவர் பெயரற்ற நிலையிலிருந்து அப்பெயரைப் பற்றிக்கொண்டவர். ஓர் ஊழியரின் கல்லறையருகே இருவரும் ஒரே பெயரோடு நின்றனர்.

கதை இத்துடன் நிறைவுறவில்லை. ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி பின்னர் பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டுக்காகக் காங்கோவில் பணிபுரிந்தார். அவர் அமைத்த பாதைகளின்மீதே அங்கு கொடிய சுரண்டல் ஆட்சி எழுந்தது. பாதை அமைக்கப் பாறைகளைத் தகர்த்ததால் அந்நாட்டு மக்கள் அவரைப் 'புலா மட்டாரி', அதாவது 'கல்லுடைப்பவர்' என்றழைத்தனர். பின்னாளில் அப்பெயர் அடக்குமுறை அரசையே குறிக்கும் சொல்லாயிற்று. 1904இல் அவர் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டரில் இடம் மறுக்கப்பட்டது. பிர்பிரைட் என்னும் சிற்றூரில் அவர் கல்லறைமீது நிற்கும் பெருங்கல்லில் அவருடைய ஆங்கிலப் பெயரோடு புலா மட்டாரி என்னும் பெயரும் வெட்டப்பட்டுள்ளது. கல் என்னும் பொருளுடைய பெயரைத் தேர்ந்துகொண்டவர், கல்லுடைப்பவராக அறியப்பட்டு, கல்லின் கீழ்த் துயில்கிறார். பெயரை நாமே தேர்ந்துகொள்ளலாம். அப்பெயரால் நினைக்கப்படுவது எது என்பதை நம் செயல்களே தீர்மானிக்கின்றன.

5. காவிரியின்மேல் எழுதப்பட்ட பெயர்

மேட்டூர் அணைக்கான பணிகள் 1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்றன. 1934 ஆகஸ்டு 21ஆம் நாள் அணை திறக்கப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்தமையால் நீர்த்தேக்கம் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. திட்டத்தை வகுத்தவரும் அவரல்லர், கட்டியவரும் அவரல்லர். உபரி நீர் வெளியேறும் பதினாறு கண் மதகு அமைந்துள்ள தாழ்நிலம் பொறியாளர் எல்லிஸின் பெயரால் வழங்குகிறது. ஒன்பதாண்டுக் காலம் கல் உடைத்தும் கல் சுமந்தும் உழைத்த ஆண், பெண் தொழிலாளர் எவர் பெயராலும் ஓர் இடமும் வழங்கவில்லை. அவர்களே உண்மையில் இந்நாட்டின் புலா மட்டாரிகள்.

அணை 120 அடி உயரத்திற்கு நீரைத் தேக்கியது, 93.47 ஆயிரம் மில்லியன் கனஅடி நீர் அதில் அடங்கும். தஞ்சை வளநாட்டின் பல இலட்சம் ஏக்கர் நிலம் பயன்பெற்றது. அது மறுக்கவியலாத நன்மை. ஆனால் அந்த நீர் நிற்பதற்கு ஊர்கள் இடம் தர வேண்டியிருந்தது. கோடையில் நீர்மட்டம் தாழும்போது பண்ணவாடிப் பகுதியில் சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், பழைய கத்தோலிக்க ஆலயமொன்றின் இரட்டைக் கோபுரமும் வெளிப்படுவதைக் காண மக்கள் திரள்வர். ஒரு காலத்தில் அங்கே ஆலயமணி கேட்டுக் கூடிய சபை ஒன்று இருந்தது. அதன் பிள்ளைகள் திருமுழுக்குப் பெற்றனர். அதன் முதியோர் மண்ணில் வைக்கப்பட்டனர். நீர் எழுந்தபோது மக்கள் மேட்டு நிலங்களை நோக்கிப் பெயர்ந்தனர். இன்று மேட்டூருக்கருகே புதுச்சாம்பள்ளி என்று ஓர் ஊர் உள்ளது. அப்பெயரிலுள்ள 'புது' என்னும் அடைமொழியே ஒரு பழைய ஊரை நினைவூட்டுகிறது.

இங்கே ஒரு முரண்பாட்டை வரலாறு நம்முன் வைக்கிறது. ஸ்டாஃபர்ட்ஷயரின் ஒரு கல் வெளி, நூற்றாண்டுகளைக் கடந்து, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு நீர்ப்பரப்பின் பெயராக வாழ்கிறது. அந்நீரின் கீழே கிடக்கும் நம் ஊர்களின் பெயர்களை நம் பிள்ளைகள் அறியார். ஒரு நிலத்தின் பெயர் பல நிலங்களின் பெயர்களை மூடிக்கொண்டது. மேச்சேரிப் புன்செய்களுக்கோ அந்நீர் நெடுங்காலம் காட்சிப்பொருளாகவே இருந்தது. உபரி நீரைச் சேலம் மாவட்டத்து வறண்ட ஏரிகளுக்கு ஏற்றிக்கொண்டு செல்லும் சரபங்கா நீரேற்றுத் திட்டம் 2021இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. கல்லாங்காட்டின் பெயரைத் தாங்கிய நீர், உண்மையான கல்லாங்காட்டை அடைய எண்பத்தேழு ஆண்டுகள் சென்றன.

6. நம் பதிவேடுகளில் ஆங்கிலக் குடும்பப் பெயர்

ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் தமிழ்க் கிறிஸ்தவரிடையே வந்த வழிகள் பல. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் கல்விச்சாலைகளில், படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயரையோ, அவர் விரும்பிய ஒருவரின் பெயரையோ மாணாக்கருக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' இதழின் முதல் ஆசிரியர்களான தமிழர் இருவர் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் பெயர்களோடு விளங்கினர். புலவர் வரலாறு எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்னால்டு என்று வழங்கப்பட்டார். திருநெல்வேலிச் சீமையில் சாயர் என்னும் வணிகரின் குடும்பப் பெயர் சாயர்புரம் என்னும் ஊராகவே நிலைத்துவிட்டது. மரம் அறுப்பவர் என்பதே சாயர் என்னும் பெயரின் பொருள்.

ஸ்டான்லி என்னும் பெயர் பரவுவதற்குத் தனிக் காரணமொன்றும் உண்டு. 1907இல் இந்தியாவிற்கு வந்த அமெரிக்க மெதடிஸ்து ஊழியர் ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ், மேலைநாட்டு நாகரிகத்தினின்று கிறிஸ்துவைப் பிரித்துக் காட்டி, இந்தியப் பாதையில் நடக்கும் கிறிஸ்துவை இந்தியர் தம் வழியில் ஏற்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். 1925இல் வெளிவந்த அவருடைய நூல் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. மேலைநாட்டு ஆடையின்றிக் கிறிஸ்துவைக் காண விழைந்த அவரைப் போற்றியே நாம் நம் பிள்ளைகளுக்கு மேலைநாட்டுப் பெயரைச் சூட்டினோம். இது நகைப்பிற்குரியதாகத் தோன்றலாம். ஆயினும் அன்பு தனக்குரிய வழியில் பெயர் தேடுகிறது என்றே நான் கருதுகிறேன்.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. சாதியைக் காட்டும் பெயர்களாலும், இழிவுபடுத்தும் நோக்கோடு பிறர் இட்ட பெயர்களாலும் அழைக்கப்பட்ட மக்களுக்கு, சாதி தெரியாத பெயரொன்று அடைக்கலமாக அமைந்தது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. அதற்கு முன்பே, திருமுழுக்குத் தொட்டியருகே எத்தனையோ எளிய குடும்பங்கள் அத்தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தன. 'அந்நிய மோகம்' என்று இதனை எளிதில் ஒதுக்குவோர், தலைமுறை தலைமுறையாகப் பெயரால் அவமதிக்கப்பட்டவர்களின் உள்ளத்தை அறியாதவர்களே. அதே வேளையில், சிறப்புப் பெயருடைய குடும்பத்தினர் தங்கள் சாதிப் பட்டத்தைத் திருமுழுக்குப் பெயருக்குப் பின்னாலும் காத்துவந்ததை நம் சபை வரலாறு மறைக்க இயலாது.

இன்று நிலைமை வேறொரு வகையில் கடினமாகியுள்ளது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவர் பட்டியல் சாதியினராகக் கொள்ளப்படுவதில்லை. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அளிக்கப்பட்ட உரிமை கிறிஸ்தவருக்கு அளிக்கப்படவில்லை. ஆகவே முன்னொரு காலத்தில் அடைக்கலமாயிருந்த பெயரே, இன்று சான்றிதழ் கேட்டு நிற்கும் பிள்ளைக்குத் தடையாகுமோ என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் படும் தயக்கத்தை ஆயர்கள் அறிவர். அத்தயக்கத்தை விசுவாசக் குறைவு என்று கடிந்துரைத்தல் நீதியாகாது.

7. ஆயர் பணிக்குரிய சிந்தனைகள்

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன யாவை?

முதலாவது, எந்தப் பெயரும் தன்னளவில் உயர்ந்ததுமன்று, இழிந்ததுமன்று. ஸ்டான்லி என்பது கல்லாங்காடே. மேச்சேரி என்னும் பெயரின் ஈற்றிலுள்ள 'சேரி' என்னும் சொல்லும் பழந்தமிழில் மக்கள் கூடிவாழும் இடத்தையே குறித்தது. பின்னாளில்தான் அது ஒடுக்கப்பட்டோரின் குடியிருப்பை ஒதுக்கிச் சுட்டும் சொல்லாக்கப்பட்டது. கல் நிலத்தின் பெயருக்குப் பெருமையும், குடியிருப்பின் பெயருக்குச் சிறுமையும் தந்தவை சொற்களல்ல; மனிதரின் அதிகாரமே. ஆதலின் ஆங்கிலப் பெயரைக் கண்டு செருக்கடையவும் வேண்டா. அதற்காக நாணவும் வேண்டா. கல்லாங்காட்டின் பெயர் ஒரு பிரபு குலத்திற்குப் பெருமையாகுமாயின், நம் ஊரும் நம் மொழியும் தரும் பெயர் திருமுழுக்கிற்குத் தகாது என்று எவரும் எண்ணுதல் ஒவ்வாது.

இரண்டாவது, திருமுழுக்கு வேளையில் நாம் குடும்பப் பெயரைக் கேட்பதில்லை. பிள்ளையின் பெயரையே கேட்கிறோம். நிலமும் உடைமையும் மரபும் வழங்கும் பெயர் வாசலிலேயே நின்றுவிடுகிறது. சீமோனுக்கு ஆண்டவர் கேபா, அதாவது கல் என்று பெயரிட்டார் என யோவான் முதல் அதிகாரம் கூறுகிறது. அப்பெயர் அவனுடைய தந்தையிடமிருந்து வந்ததன்று, அழைப்பிலிருந்து வந்தது. வெளிப்படுத்தின விசேஷம் இரண்டாம் அதிகாரத்தில், வெற்றிகொள்ளுகிறவனுக்கு ஒரு வெண்கல்லும் அதில் எழுதப்பட்ட புதிய பெயரும் வாக்களிக்கப்படுகின்றன. அக்கல்லில் எழுதப்படுவது குலப்பெயர் என்று அங்கே சொல்லப்படவில்லை. ஏழையர் விடுதிச் சிறுவன் கடல் கடந்து தேடிய பெயரை, திருச்சபை ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசமாய் வழங்கக் கட்டளை பெற்றிருக்கிறது. ஆதலின் நம் பதிவேட்டில் எந்தக் குழந்தையின் பெயருக்கருகிலும் இழிவு தரும் குறிப்பு இடம்பெறலாகாது.

மூன்றாவது, மூழ்கிய ஊர்களின் பெயர்களைக் காத்தல் நம் பொறுப்பாகும். மேட்டூரைச் சுற்றியுள்ள சபைகளில், நீர் எழுந்த நாட்களைப் பற்றிப் பெற்றோரிடமும் பாட்டனாரிடமும் கேட்டறிந்த முதியோர் இன்னும் இருக்கக்கூடும். இறையியல் மாணாக்கர் விடுமுறைக் காலத்தில் அவர்களிடம் சென்று, எந்த ஊரிலிருந்து வந்தனர், அங்கு எந்த ஆலயம், எந்தக் கோயில், எந்தக் கிணறு இருந்தன என்பவற்றைக் கேட்டு எழுதிவைப்பாராயின் அது திருச்சபை வரலாற்றிற்குச் செய்யும் நற்பணியாகும். நம் சபையாருடைய ஊர்களை மட்டுமன்றி எல்லாருடைய ஊர்களையும் எழுத வேண்டும். நந்தியும் ஆலயக் கோபுரமும் ஒரே நீரின் கீழ் அருகருகே கிடக்கின்றன.

மேச்சேரி என்னும் ஊர்ப்பெயரைப் பல மாவட்டங்களுக்கும் கொண்டுசென்றவர் ஆளுநரோ பிரபுவோ அல்லர். மேச்சேரி ஆடு என்று வழங்கும் செந்நிற ஆட்டினமே. வறண்ட கல்லாங்காட்டில் மேய்ந்து வாழும் அந்த ஆடுகளை மேய்க்கிறவர் ஒவ்வொன்றையும் அடையாளம் அறிவார். நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று யோவான் பத்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர் அழைக்கும் பெயர் தமிழாயினும் ஆங்கிலமாயினும், ஆடு அறிவது அவர் குரலையே. அக்குரலைப் பிள்ளைகள் அறியும்படி செய்வதே பெயரெழுதும் பணியைப் பெற்ற நமது ஊழியமாகும்.